ஒன்பது நாளுக்கு ஒருமுறை

கவரைப்பேட்டை,
11-2-1973

கட்டுரை எழுதிய மணவாளன் அவர்களுக்கு,

பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதி உங்கள் முகவரியை வாங்கினேன். நான் இங்கே ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை செய்யும் சாராள் வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பாள், நாங்கள் கேட்போம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் கட்டுரையைப் படித்தாள். சாந்திவிலாசம் மனநோய் விடுதியில் பதினாறு ஆண்டு சைக்காலஜிஸ்டாக இருந்தவர் நீங்கள் என்று போட்டிருந்தது. அங்கே யாரும் யாரிடமும் பேசுவதில்லை, ஒருவரை நோயாளி என்று எழுதிவிட்டால் பிறகு அவர் சிரித்தாலும் நோய், அழுதாலும் நோய் என்று எழுதியிருந்தீர்கள். "இந்த ஆளு நல்ல ஆளு போலக்கீது" என்று நான்கூடச் சொன்னேன்.

அடுத்த பத்தியில் என் அப்பா வந்தார்.

"எல்லோரும் நலமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. பழவேற்காட்டு மீனவர் ஒருவர், ஏரியின் ஒரு பகுதி தமக்குச் சொந்தம், அதுவும் ஒன்பது நாளுக்கு ஒரு நாள் மட்டும் சொந்தம் என்று இன்றும் நம்புகிறார். இத்தகையவர்களுக்கு விடுதி தேவைதான்." இதுதான் உங்கள் வரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. என் அப்பா எங்கே இருக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அவர் பெயர் துலுக்காணம். அவர் சொல்வது நோய் இல்லை, எங்கள் ஊர் முறை. ஏரியில் மீன் விழும் இடங்களை எங்கள் ஆட்கள் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சித்திரை பிறந்த அன்று சீட்டு எடுத்து வரிசை போடுவார்கள். எங்கள் பங்கில் ஒன்பது குடும்பம். அதனால் ஒன்பது நாளுக்கு ஒருமுறை அந்த இடத்துத் தண்ணீர் எங்களுடையது. அன்றைக்கு வேறு யாரும் வலை போட முடியாது.

அப்பாவைப் பிடித்துப் போனபோது எனக்கு ஆறு வயது. அம்மா காலராவில் போன மாதம் அது. அப்பா தூங்காமல் பொன்னேரிக் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார். போலீஸ் பிடித்து நீதிபதி முன் நிறுத்தி உங்களிடம் அனுப்பியது. அந்த ஆறு வயதில் நீங்கள் என்னைக் கேட்டிருந்தாலும் பாடு என்றால் என்ன என்று சொல்லியிருப்பேன்.

து. அங்காளம்மாள்


திருப்பாச்சூர்,
20-2-1973

செல்வி அங்காளம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டு பதில்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்காமல் இருக்க, எழுதியவுடன் தபாலில் சேர்த்துவிடுவதாக இருக்கிறேன்.

முதலில், தங்கள் தந்தையை அடையாளம் தெரியும்படி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெயரை விட்டால் போதும் என்று எண்ணினேன்.

மற்றதைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. நான் விடுதியின் ஆள் அல்ல. அங்கிருந்த பதினாறு ஆண்டுகளில் அதன் முறைகளுக்கு எதிராக இருபத்து மூன்று மனுக்கள் எழுதினேன். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். எதற்கும் பதில் வரவில்லை. அப்படிப்பட்ட நானே ஒருவரைப் பற்றி நோய் உண்டு என்று எழுதினேன் என்றால் போதிய காரணம் இருந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

ஒரு காரணம் சொல்கிறேன். "அந்தத் தண்ணீர் என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொல், நாளைக்கே வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று மேலதிகாரி தங்கள் தந்தையிடம் சொன்னார். எனக்குத் தெரிந்து எட்டு முறை சொன்னார். ஐந்து முறை நான் உடனிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் மறுத்துவிட்டார். நலமாக உள்ள ஒருவர், பொய்யாகவேனும் அதைச் சொல்லி வெளியே வந்திருக்க மாட்டாரா? தாங்கள் சொல்லும் முறை உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கேள்வி நிற்கிறது. நான் எங்கேனும் தவறியிருந்தால் தெரிவிக்கவும்.

தங்கள்,
மணவாளன்


கவரைப்பேட்டை,
4-3-1973

ஐயா,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. அப்பாவை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நான் மூன்று முறை விடுதிக்கு வந்திருக்கிறேன். கம்பிக்கு அப்பால் காட்டிவிட்டு, "இன்னும் தேறவில்லை" என்று அனுப்பினார்கள்.

எனக்கு முதலில் அப்பா மீதுதான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்பா இல்லாமல் வளர்ந்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் பெயர் முனிகிருஷ்ணன், அப்பாவின் தம்பி. என்னை வளர்த்தவர். வலை பின்னிக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"எட்டு தபா கேட்டானுங்களா?"

"எட்டு தபா."

"எட்டு தபாவும் சொல்லல?"

"சொல்லல."

ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு சொன்னார்: "பாடு அண்ணன் பேர்ல கீது. என் பேர்ல இல்ல. அண்ணன் வாயால என்து இல்லன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டா நம்ம ஊட்டுக்கே இல்ல. எங்க நின்னு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அது சொல்லாத இருந்ததால நான் வலை போட்டேன். நீ துன்ன சோறு அதான். நீ எட்டாங் கிளாஸ் படிச்சது அதான்."

ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். என் அப்பா வீட்டுக்கு வரும் வழியை வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குச் சோறு போட்டார். அதை உங்கள் காகிதத்தில் என்ன நோய் என்று எழுதுவீர்கள்?

எழுத்தில் சாட்சி வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. வருடாவருடம் போடும் வரிசை ஊர் நோட்டில் இருக்கிறது. சித்திரை பிறப்பன்று சீட்டு எடுப்பார்கள். வந்து பாருங்கள். வராவிட்டால் இனிமேல் எழுத வேண்டாம்.

அங்காளம்மாள்


திருப்பாச்சூர்,
19-4-1973

அன்புள்ள அங்காளம்மாளுக்கு,

சனிக்கிழமை தங்கள் ஊரிலிருந்து திரும்பிய பின் மூன்று நாள் காய்ச்சலாக இருந்தது. வெயில்தான் காரணம். வேறு காரணமும் இருக்கலாம்.

கண்டதை முறையாக எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கே நிச்சயமாகிறது. குடும்பத்துக்கு ஒருவர் ஓர் அடையாளப் பொருளைப் பானையில் போட்டார்கள். ஒருவர் சோழி, ஒருவர் சீப்பின் உடைந்த பல், ஒருவர் பாக்கு. தங்கள் சித்தப்பா ஒரு கூழாங்கல்லைப் போட்டார். "அண்ணன் பொத்தான் அண்ணன் கையிலயே போயிடுச்சு சார், அதுலேர்ந்து கல்லுதான்" என்றார். எந்தப் பொருள் முதலில் எடுக்கப்படுகிறதோ அந்தக் குடும்பத்துக்கு முதல் நாள். பிறகு ஒரு பெரியவர் நோட்டில் எழுதினார். "துலுக்காணம், ஆறு" என்று எழுதி உரக்கப் படித்தார். பத்தொன்பது ஆண்டுகளாக ஊரில் இல்லாத ஒருவரின் பெயரை அவர்கள் இறந்தகாலத்தில் சொல்லவில்லை.

நான் யார் என்று சித்தப்பா சொன்னதும் அங்கிருந்தவர்கள் பேசியது தாங்கள் கேட்டதுதான். "இன்னா சார், எங்க எல்லாத்தையும் இட்டுக்கினு போறதுக்கு வண்டி கொண்டாந்துகினியா? நானுந்தான் தண்ணி என்துன்னு சொல்றேன், எனக்கு வெள்ளிக்கெழம." அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு உட்கார இடம் கொடுத்தவரும் சிரித்தார். அந்தப் பங்கில் ஒன்பது பேரும் என்னிடம் அதையே சொன்னார்கள். நான் படித்த புத்தகங்களின்படி ஒன்பது பேருக்கும் படுக்கை தேவை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்தபோதே அதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் சரிபார்த்த பிறகு சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

1954-ஆம் ஆண்டு ஊர் நோட்டைப் பெரியவர் எடுத்துக் காட்டியபோது நான் அதிலிருந்து சிலவற்றைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தீர்கள். வரிசை ஏப்ரல் 14 அன்று தொடங்குகிறது. தங்கள் தந்தைக்கு நான்காம் இடம், அதாவது 17-ஆம் தேதி. பிறகு ஒன்பது ஒன்பது நாளாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஆகஸ்டு 3, 12, 21, 30. செப்டம்பர் 8, 17, 26.

வீட்டுக்கு வந்து என்னுடைய பழைய நோட்டை எடுத்தேன். அவர் விடுதிக்கு வந்தது 1954 ஜூலை கடைசியில். எந்தெந்த நாளில் அவர் விடியுமுன் எழுந்து கதவைத் தட்டினார், "இன்னிக்கு என் தண்ணி, உடுங்க" என்று கத்தினார் என்று நான் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்டு 3, 12, 21, 30. செப்டம்பர் 8, 17, 26. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. "ஒன்பது நாளுக்கு ஒருமுறை வரும் கிளர்ச்சி" என்று தலைப்பிட்டு, சிவப்பு மையில் கோடிட்டு, மைசூர் மாநாட்டில் ஒரு கட்டுரையாகவே படித்தேன். கை தட்டினார்கள். அந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு ஊசி போட்டுக் கட்டி வைத்தார்கள். முன்கூட்டியே தயாராக இருக்கலாம் என்று அடுத்த தேதியைச் சொன்னவன் நான்.

அனுமதிப் படிவத்தில் "தொழில்: மீன்பிடித்தல்" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்கவில்லை. அதன் கீழேயே "உடைமை: பித்தளைப் பொத்தான் ஒன்று. திருப்பிக் கேட்டு அடம்பிடிக்கிறார்" என்றும் இருக்கிறது.

இனி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மணவாளன்


கவரைப்பேட்டை,
29-4-1973

ஐயா,

யோசிக்க என்ன இருக்கிறது? விடுதிக்கு மேற்பார்வைக் குழு என்று ஒன்று உண்டு என்று நீங்களே கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நோட்டையும் அவர்கள் முன் வைத்தால் போதும். என் பெயரில் மனு எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். சாட்சி நீங்கள்.

கட்டி வைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

அங்காளம்மாள்


திருப்பாச்சூர்,
9-7-1973

அன்புள்ள அங்காளம்மாளுக்கு,

இன்று குழுவின் முன் நான் வரவில்லை என்பது இதற்குள் தெரிந்திருக்கும். தாங்கள் வாசலில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்களோ தெரியாது. நான் வந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நோட்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தாங்கள் வேலை நாளில் லீவு போட்டு, சித்தப்பாவோடு வெயிலில் நின்றதைப் பார்த்தேன். பிறகு திருவள்ளூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

காரணங்களை எழுதுகிறேன். சாக்குகள் என்று தோன்றினால் அப்படியே கொள்ளவும். என் கட்டுரைகள் புத்தகமாக வரவிருக்கின்றன. குழுவிலுள்ள ஒரு பெரியவர் முன்னுரை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். அது போனால் போகட்டும். ஆனால் நானே பெரிய தவறு செய்தவன் என்று ஒப்புக்கொண்டால், விடுதியார், "இவன் எழுதிய மனுவெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று மற்றவற்றையும் தூக்கி எறிவார்கள். இன்னும் உள்ளே இருக்கும் நூற்றைம்பது பேருக்காக எழுதியதும் அதோடு போகும். இப்படி எண்ணினேன். இது உண்மையா, பயம் இப்படி வேஷம் போட்டு வந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறர் மனத்தைப் பார்ப்பதே தொழிலாக இருந்தவன்.

மணவாளன்


கவரைப்பேட்டை,
13-7-1973

மணவாளன் அவர்களுக்கு,

மூன்று மணி நேரம் நின்றோம். சித்தப்பா மதியம் சாப்பிடவில்லை. "பெரிய மன்சன், பஸ்ஸு கெடச்சிருக்காது" என்று உங்களுக்காகப் பரிந்து பேசிக்கொண்டே வந்தார். டீக்கடை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற இல்லை. உங்களை நம்பினோம் என்று பிறகு யோசிக்க அவருக்கு வெட்கமாக இருக்கும்.

அழவோ கெஞ்சவோ எனக்குத் தெரியாது. குழு மறுபடி இந்த மாதம் 30-ஆம் தேதி கூடுகிறது, கேட்டு வந்துவிட்டேன். உங்கள் நோட்டைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்புங்கள். நானே படிக்கிறேன். இங்கிலீஷ் வரிகளைச் சாராள் சொல்லிக் கொடுப்பாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. தப்பாகப் படித்தால் சிரிப்பார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர்.

என் அப்பா ஒரே ஒரு வரியைச் சொல்ல மாட்டேன் என்று பத்தொன்பது வருடம் உள்ளே இருந்தார். நீங்கள் ஒரே ஒரு வரியைச் சொல்ல முடியாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். உங்கள் புத்தகத்தில் இதற்கும் ஒரு பெயர் இருக்கும்.

அங்காளம்மாள்


திருப்பாச்சூர்,
17-7-1973

அன்புள்ள அங்காளம்மாளுக்கு,

நோட்டை அனுப்ப மாட்டேன். அதிலுள்ளது என் கையெழுத்து. நான்தான் படிக்க வேண்டும்.

30-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். ஊர் நோட்டோடு சித்தப்பாவை அழைத்து வரவும். அவர் ஒரு தேதி படிக்கட்டும், நான் ஒரு தேதி படிக்கிறேன். வேறு பேச்சு வேண்டியிருக்காது.

டீக்கடைப் பக்கம் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்துப் போகவும்.

மணவாளன்


பழவேற்காடு,
12-8-1973

ஐயா அவர்களுக்கு,

அப்பா வீட்டுக்கு வந்து இன்று மூன்றாம் நாள். அவரை வெளியே விட்ட அன்று விடுதி வாசலில் நீங்கள் நிற்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வரவில்லை. இந்த முறை எனக்குக் கோபம் இல்லை.

30-ஆம் தேதி குழுவின் அறையில் நீங்கள் எழுந்து நின்று நோட்டைப் பிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள். "செப்டம்பர் பதினேழு" என்று சித்தப்பா படித்ததும் நீங்கள் "செப்டம்பர் பதினேழு" என்றபோது அந்த முன்னுரைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். விடுதி அதிகாரி, "இப்போதும் அதே பாட்டுத்தானே பாடுகிறான்" என்றார். உங்களால் உரக்கப் பேச முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. "அவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே உண்மையைச் சொல்கிறார். நான்தான் ஐயா மாற்றி மாற்றி எழுதினேன்" என்றீர்கள். சித்தப்பா ஊரில் அதை எல்லோரிடமும் சொல்லிக் காட்டுகிறார். உங்கள் குரல்போலவே சொல்கிறார், கேட்டால் சிரிப்பீர்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுத மாட்டேன். வீட்டில் மூன்று பேர்தான், ஆனால் சாப்பாட்டுக்கு அப்பா தட்டை ஏந்தி வரிசையில் நிற்கிறார். கதவைத் திறந்து வைத்தாலும் யாராவது சொன்னால்தான் வெளியே போகிறார். என்னைப் "பச்சையம்மா" என்று கூப்பிடுகிறார். அது அம்மா பெயர்.

நேற்று சித்தப்பா தோணியில் அழைத்துப் போனார். கரையில் நின்றவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "இன்னா துலுக்காணம், லேட்டு" என்றார். அப்பா, "உட்டாத்தான வர்றதுக்கு" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

விடுதியில் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு காகித உறையில் அப்படியே இருந்தது. மேலே உங்கள் கையெழுத்து.

அங்காளம்மாள்


திருப்பாச்சூர்,
3-9-1973

அன்புள்ள அங்காளம்மாளுக்கு,

வாசலுக்கு வராததற்குப் பயம் காரணம் இல்லை. உங்கள் தந்தை முதலில் பார்க்கும் முகம் என்னுடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

முன்னுரை வரவில்லை. ஆனால் பதிப்பாளர் புத்தகத்தைக் கைவிடவில்லை. முதல் கட்டுரையை எடுத்துவிட்டு வேறொன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எப்படித் தவறினேன் என்பதுதான் அது. உங்கள் தந்தையின் பெயரோ ஊரோ அதில் இல்லை, என் பெயர் முழுமையாக இருக்கிறது. நகலை அனுப்புகிறேன். ஒரு வரி பிடிக்கவில்லை என்றாலும் அடித்துவிடவும். சாராள் உரக்கப் படிக்கலாம்.

நான் பயந்ததுபோல் விடுதியார் மற்ற மனுக்களைத் தூக்கி எறியவில்லை. நேர்மாறாக, குழு பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே இருப்பவர்களின் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வேலைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். இருபத்து மூன்று மனுக்கள் ஒரு பூட்டையும் திறக்கவில்லை. ஒரு தவறை ஒப்புக்கொண்டது திறந்தது. இந்த வயதில் சற்றுப் பெருமையாக இருக்கிறது. இருக்கக் கூடாதோ என்றும் தோன்றுகிறது.

சென்ற வாரம் எளாவூர்க்காரர் ஒருவரின் கோப்பைப் பார்த்தேன். "லாரிகளோடு பேசுகிறார்" என்று எழுதியிருக்கிறது. அந்த ஊர் லாரிச் சோதனைச் சாவடியில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க நாளை போகிறேன்.

உங்கள் தந்தை வரிசையில் நிற்கும்போது நீங்களும் பின்னால் தட்டோடு நின்று பாருங்கள். இதற்குப் புத்தக ஆதாரம் எதுவும் இல்லை.

மணவாளன்


பழவேற்காடு,
15-4-1974

ஐயா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி பின்னால் நின்றேன். சித்தப்பாவும் நின்றார். ஒரு மாதம் மூன்று பேரும் வரிசையில் நின்று சாப்பிட்டோம். ஒரு நாள் அப்பா திரும்பிப் பார்த்து, "ஏன்டி, ஊட்டுல இன்னாத்துக்கு லைனு?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வரிசை இல்லை. என்னை இப்போது அங்காளா என்றுதான் கூப்பிடுகிறார்.

நேற்று சீட்டு எடுத்தார்கள். நான் தொழிற்சாலையில் சொல்லிவிட்டுச் சாராளையும் அழைத்து வந்தேன். என் அப்பா யார் என்று இப்போது ஒட்டும் பிரிவு முழுக்கத் தெரியும், நானே சொன்னேன். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பொத்தானைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பானையில் போட்டார். சித்தப்பா அந்தக் கூழாங்கல்லை ஏரியில் எறிந்தார். எல்லோரும் அப்பாவுக்கு முதல் இடம் விழும் என்று காத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, சோழி வந்தது, பாக்கு வந்தது, பொத்தான் வரவே இல்லை. கடைசியில்தான் வந்தது. ஒன்பதாம் இடம்.

யாரோ, "வேணும்னா மறுபடி எடுக்கலாம் துலுக்காணம்" என்றார்கள். அப்பாவுக்கு வந்ததே கோபம். "சீட்டுன்னா சீட்டுதான். எனக்கு யாரும் பிச்ச போட வேணாம்" என்றார். பிறகு என்னிடம் வந்து, "இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தேன், இன்னும் எட்டு நாளு இன்னாடி பேஜாரு" என்று சிரித்தார்.

உங்களுக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த நோட்டு சாருக்கு எழுது. இருவத்திரெண்டாந் தேதி என் தண்ணி. மறக்காம குறிச்சிக்கச் சொல்லு. அவரு தேதி போட்டா தப்பாது."

அங்காளம்மாள்


திருப்பாச்சூர்,
18-4-1974
(அஞ்சல் அட்டை)

அன்புள்ள அங்காளாவுக்கு,

22-4-1974, திங்கட்கிழமை. அதே நோட்டில், அதே பக்கத்தில், செப்டம்பர் 26-க்குக் கீழே எழுதிவிட்டேன். சிவப்பு மை இல்லை, நீல மை.

முதல் நாளே வந்துவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லி வைக்கவும்.

மணவாளன்